சானிட்டரி இன்ஸ்பெக்டர் அந்தக் காலத்தில் என்னதான் செய்தார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை மாகாணத்திலும், பிறகு தமிழ்நாட்டிலும், சுமாராக 1920 முதல் 1980 வரை ஊர்ச் சுகாதாரத்தைக் கவனித்தவர்களைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்கள் இவை. வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டவர்களும், சுகாதார ஆய்வாளர் படிப்புக்குச் சேர்ந்திருப்பவர்களும் கேட்டவை. கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே வைத்திருக்கிறோம்.

சானிட்டரி இன்ஸ்பெக்டர்னா குப்பை அள்ளுறதை மேற்பார்வை பார்க்கிறவர்தானே?

அது அவருடைய வேலையில் ஒரு பங்கு. நகராட்சியில் ஹெல்த் ஆபீசருக்குக் கீழே, ஊரைப் பல டிவிஷன்களாகப் பிரித்து ஒவ்வொன்றையும் ஒரு இன்ஸ்பெக்டரிடம் கொடுத்திருப்பார்கள். அந்த எல்லைக்குள் தெருக் கூட்டுவது, சாக்கடை, கக்கூஸ் மட்டுமல்ல. குடிதண்ணீர்க் கிணறு, அம்மை குத்துவது (பெரியம்மைத் தடுப்பூசி போடுவது), காலரா தகவல், பால், ஹோட்டல், ஆடு அடிக்கும் கூடம், சுடுகாடு, பிறப்பு இறப்புப் பதிவு எல்லாமே அவர் பொறுப்பு.

மருத்துவர் நோயாளியைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் அந்த நோயாளி எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுத்தார், அதே கிணற்றில் வேறு யார் எடுத்தார்கள் என்று பார்த்தார். இந்த வித்தியாசம் புரிந்தால் கீழே வரும் பதில்கள் எல்லாம் எளிதாகப் புரியும்.

ஹெல்த் இன்ஸ்பெக்டரும் சானிட்டரி இன்ஸ்பெக்டரும் ஒருத்தர்தானா?

நகராட்சி, மாநகராட்சியில் இருந்தவர் சானிட்டரி இன்ஸ்பெக்டர். கிராமங்களைச் சுற்றி வந்தவர் ஹெல்த் இன்ஸ்பெக்டர். மாகாணத்தின் பொதுச் சுகாதாரத் துறை 1922-ல் உருவானது. மாவட்ட ஹெல்த் ஆபீசர், அவருக்குக் கீழே ஹெல்த் இன்ஸ்பெக்டர்கள் என்று கிராமப் பக்கத்து அமைப்பு வளர்ந்தது அந்தத் துறையின் கீழேதான்.

இவர்களைத் தவிர அம்மை குத்துபவர், மலேரியா ஊழியர் என்று ஒவ்வொரு நோய்க்கும் தனித்தனி ஆள் இருந்தார்கள். ஒரே வீட்டுக்கு மாதத்தில் மூன்று பேர் வந்து மூன்று நோட்டில் எழுதிக்கொண்டு போனார்கள். 1973-ல் மத்திய அரசு அமைத்த கர்த்தார் சிங் குழு இவர்களை ஒன்றாக்கிப் பல்நோக்குச் சுகாதாரப் பணியாளராக்கப் பரிந்துரைத்தது. அதன் பிறகுதான் இன்று நாம் பார்க்கும் அமைப்பு வந்தது.

எந்த அதிகாரத்துல வீட்டுக்குள்ள வந்தாங்க?

நகரங்களில் 1919-ன் சென்னை மாநகராட்சிச் சட்டமும் 1920-ன் மாவட்ட நகராட்சிகள் சட்டமும் இருந்தன. அதற்கு மேல் 1939-ல் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தது. சுகாதாரத்துக்கென்று முழுமையாக எழுதப்பட்ட சட்டங்களில் இந்தியாவிலேயே முதலாவது அது. நகராட்சி தன் சொந்த வருமானத்தில் 30 சதவீதத்துக்குக் குறையாமல் சுகாதாரத்துக்கு ஒதுக்க வேண்டும் என்றும் அதில் இருந்தது. அதிகாரம் கொடுத்ததைவிட, பணத்தை ஒதுக்கச் சொன்னதுதான் அந்தச் சட்டத்தின் பெரிய காரியம் என்பது எங்கள் கருத்து.

வீட்டுக்குள் நுழைவது பகல் வேளையில், முன்கூட்டிச் சொல்லிவிட்டு. தேங்கிய சாக்கடையோ மூடாத தொட்டியோ இருந்தால் முதலில் எழுத்தில் அறிவிப்பு, அதில் ஒரு கெடு. கெடு முடிந்த நாள் மறுபடி போய்ப் பார்த்து, சரிசெய்யாவிட்டால் வழக்கு. இந்த மறுபார்வையை விட்டுவிட்டால் அறிவிப்பு வெறும் காகிதம்.

அவங்களோட ஒரு நாள் எப்படி ஆரம்பிக்கும்?

விடிவதற்கு முன். டிவிஷன் ஆபீஸ் வாசலில் மஸ்டர் எடுப்பது முதல் வேலை. மேஸ்திரி பெயர் கூப்பிடுவார், இன்ஸ்பெக்டர் வருகையைக் குறிப்பார். வராதவர் தெருவுக்கு மாற்று ஆள் அனுப்பிவிட்டு, சைக்கிளில் தெருத்தெருவாகச் சுற்று. காலை ஏழு மணிக்குள் பால் வருகிற வழியில் நின்றால்தான் பாலைச் சோதிக்க முடியும். ஆடு அடிக்கும் கூடத்துக்கு அதற்கும் முன்பே போக வேண்டும். அடிப்பதற்கு முன் விலங்கு நடக்கிறதா, மூக்கில் வாயில் ஒழுகலா என்று பார்த்து, அடித்த பின் ஈரலையும் நுரையீரலையும் பார்த்து, இறைச்சியில் முத்திரை குத்துவார்கள்.

நடுப்பகல் பதிவேடுகளுக்கு. சாயங்காலம் கிணறுகளுக்கு மருந்து. ஏன் சாயங்காலம் என்பது அடுத்த பதிலில் வருகிறது.

கிணத்துக்கு மருந்து போடுறதுன்னா பிளீச்சிங் பவுடரை அப்படியே கொட்டிட்டுப் போறதுதானே?

அப்படிக் கொட்டினால் பாதி பலன்கூடக் கிடையாது. முதலில் தண்ணீரின் அளவு. கிணற்றின் விட்டத்தையும் தண்ணீரின் ஆழத்தையும் அடியில் அளந்து, விட்டம் × விட்டம் × ஆழம் × 5 என்று பெருக்கினால் காலன் கணக்கு வரும். விட்டம் 10 அடி, தண்ணீர் 12 அடி என்றால் 6,000 காலன். ஏறக்குறைய 27,300 லிட்டர். மீட்டரில் அளந்தால் கடைசியில் 5-க்குப் பதில் 785-ஆல் பெருக்கினால் லிட்டரில் வரும். ஆழம் பார்க்கக் கயிற்றில் கல் கட்டி இறக்கி, நனைந்த நீளத்தை அளப்பார்கள்.

நல்ல பிளீச்சிங் பவுடரில் சுமார் 33 சதவீதம் குளோரின் இருக்கும். தெளிந்த தண்ணீருக்கு 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் என்பது பொதுக் கணக்கு. பவுடரை வாளியில் போட்டுக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கூழாகக் குழைக்க வேண்டும். ஒரு வாளிக்கு 100 கிராமுக்கு மேல் கூடாது. முக்கால் வாளி வரை தண்ணீர் ஊற்றிக் கலக்கி, 5 முதல் 10 நிமிடம் விட்டால் சுண்ணாம்பு அடியில் படியும். மேலே நிற்கும் தெளிவை மட்டும் இன்னொரு வாளிக்கு மாற்ற வேண்டும். படிந்த சுண்ணாம்பைக் கிணற்றில் கொட்டினால் தண்ணீர் கடினமாகும். அதை வெளியே எறிய வேண்டும்.

தெளிவுள்ள வாளியைத் தண்ணீருக்குள் இறக்கி, மேலும் கீழும் பக்கவாட்டிலும் வேகமாக ஆட்டினால்தான் மருந்து கீழ்த்தண்ணீர் வரை கலக்கும். அதன் பிறகு ஒரு மணி நேரம் யாரும் இறைக்கக் கூடாது. பகலில் இது நடக்காத காரியம், குடத்தோடு ஆள் வந்துகொண்டே இருப்பார்கள். அதனால்தான் கடைசிக் குடம் எடுத்த பிறகு, பொழுது சாய்ந்ததும் போடுவது வழக்கமானது. காலரா நேரத்தில் தினமும் போட வேண்டும்.

கணக்குதான் இருக்கே, அப்புறம் அந்த ஆறு வெள்ளைக் கிண்ணம் எதுக்கு?

எல்லாக் கிணறும் ஒன்றல்ல. அழுகிய இலை, சேறு, சாக்கடைக் கசிவு உள்ள தண்ணீர் குளோரினைத் தானே தின்றுவிடும், கிருமிக்கு மிஞ்சாது. எவ்வளவு தின்கிறது என்று கண்டுபிடிக்கத்தான் ஹாராக்ஸ் பெட்டி. அதில் 200 மில்லி பிடிக்கும் வெள்ளைக் கிண்ணம் 6, உள்ளே வட்டக் கோடு போட்ட கறுப்புக் கிண்ணம் 1, 2 கிராம் அளக்கும் கரண்டி, கண்ணாடிக் குச்சிகள், சொட்டுக் குழாய், ஸ்டார்ச்-அயோடைடு கரைசல் இருக்கும்.

கறுப்புக் கிண்ணத்தில் தலை தட்டிய ஒரு கரண்டி பவுடர் போட்டு, குழைத்து, கோடு வரை தண்ணீர் விட்டுத் தெளியவிட வேண்டும். ஆறு வெள்ளைக் கிண்ணத்திலும் கிணற்றுத் தண்ணீர். முதல் கிண்ணத்துக்குத் தெளிவில் 1 சொட்டு, இரண்டாவதுக்கு 2, இப்படி ஆறாவதுக்கு 6. ஒவ்வொன்றையும் தனித்தனிக் குச்சியால் கலக்கி அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். பிறகு ஒவ்வொன்றிலும் ஸ்டார்ச் கரைசல் 3 சொட்டு. எந்தக் கிண்ணத்தில் முதலில் தெளிவாக நீலம் தெரிகிறதோ அந்த எண்ணிக்கைதான் விடை. மூன்றாவது கிண்ணம் என்றால் 100 காலனுக்கு, அதாவது 455 லிட்டருக்கு, 3 கரண்டி: 6 கிராம்.

மேலே சொன்ன 6,000 காலன் கிணற்றை எடுத்துக்கொள்ளுங்கள். பொதுக் கணக்குப்படி 70 கிராம்கூட வராது. மூன்றாவது கிண்ணம் நீலமானால் 360 கிராம் வேண்டும், நான்கு வாளியாகப் பிரித்துக் கரைக்க வேண்டும். ஐந்து மடங்கு வித்தியாசம். கண்ணால் பார்த்து இதைச் சொல்லவே முடியாது.

மருந்து போட்டும் வாந்திபேதி நிக்கலைன்னு சொல்வாங்களே, ஏன்?

பெரும்பாலும் பவுடர் செத்துப்போயிருக்கும். டின்னைத் திறந்து வைத்தால், வெயிலும் ஈரமும் பட்டால், குளோரின் பறந்து வெறும் சுண்ணாம்புதான் மிஞ்சும். பார்க்க வெள்ளையாக அப்படியே இருக்கும், மூக்கைத் துளைக்கும் நெடி மட்டும் இருக்காது. செத்த பவுடரால் ஹாராக்ஸ் சோதனை செய்தால் ஆறு கிண்ணத்திலும் நீலம் வராது. அனுபவமில்லாதவர் தண்ணீர் மோசம் என்று முடிவு கட்டுவார்; விவரம் தெரிந்தவர் முதலில் டின்னைச் சந்தேகிப்பார்.

அடுத்தது, தண்ணீர் இறைக்க விடும் முன் மிச்சக் குளோரினைப் பார்க்காமல் விடுவது. ஆர்த்தோடாலிடின் சொட்டுவிட்டு மஞ்சள் நிறம் பார்த்து, ஒரு மணி நேரம் கழித்தும் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் இருக்கிறதா என்று உறுதி செய்ய வேண்டும். குறைந்தால் மறுபடி போட வேண்டும். மூன்றாவது காரணம், பொதுக் கிணற்றுக்கு மட்டும் போட்டுவிட்டு, சேரியில் இருக்கும் கிணற்றையும் குளக்கரை ஊற்றையும் விட்டுவிடுவது. ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்க விடப்படாத மக்கள் எங்கே எடுத்தார்களோ அங்கேதான் நோய் தங்கியது. நோட்டில் கிணறுகளின் பட்டியல் முழுசாக இருந்ததா என்பதே ஊர் பிழைத்ததா இல்லையா என்பதைத் தீர்மானித்தது.

முன்னாடி ஊதா மருந்து போட்டாங்கன்னு பாட்டி சொன்னாங்க. அது என்ன?

பொட்டாசியம் பெர்மாங்கனேட். தண்ணீர் இளஞ்சிவப்பாகி அந்த நிறம் சில மணி நேரம் நிற்கும் அளவுக்குப் போடுவார்கள். காலராக் கிருமியை ஓரளவு கொல்லும். மற்றவற்றுக்கு நம்ப முடியாது. நிறமும் சுவையும் மாறியதால் ஜனங்கள் வேறு கிணற்றுக்கு ஓடினார்கள். பிளீச்சிங் பவுடர் வந்ததும் ஒதுங்கிவிட்டது.

படிக்கட்டுக் கிணத்தை எல்லாம் ஏன் மூடச் சொன்னாங்க?

நரம்புச் சிலந்தி என்ற புழு நோய்க்காக. காலில் புண் வெடித்துப் புழு தலைகாட்டும் ஆள் படியிறங்கித் தண்ணீரில் காலை வைத்தால், புழு குஞ்சுகளை அங்கேயே விடும். அவற்றைச் சைக்ளாப்ஸ் என்ற மிகச் சிறிய நீர்ப்பூச்சி விழுங்கும். அந்தத் தண்ணீரைக் குடித்தவருக்கு ஏறக்குறைய ஒரு வருடம் கழித்துப் புழு வெளிவரும். காலும் தண்ணீரும் தொடாமல் செய்தால் சங்கிலி அறுந்தது. படியை அடைத்து, கைப்பிடிச் சுவர் எழுப்பி, உருளை போட்டு இறைகிணறாக மாற்றினார்கள். மாற்றும்வரை துணியில் வடிகட்டிக் குடித்தாலே போதும், பூச்சி துணியில் நின்றுவிடும். மருந்தோ தடுப்பூசியோ இல்லாமல் நம் நாட்டில் ஒழிந்த நோய் இது. இந்தியாவில் கடைசி நோயாளி 1996-ல் ராஜஸ்தானில். தமிழ்நாடு அதற்குப் பல வருடம் முன்பே விடுபட்டுவிட்டது.

நல்ல கிணற்றுக்கு அன்று சொல்லிக்கொடுத்த அளவுகள் இன்றும் செல்லும். கக்கூஸிலிருந்தும் மாட்டுக்கொட்டிலிலிருந்தும் 50 அடி தள்ளி, மேலிருந்து 20 அடி ஆழம்வரை நீர் கசியாத கட்டு, சுற்றிலும் 3 அடி அகலச் சிமெண்ட் தளம், சிந்துகிற தண்ணீர் வெளியேற வாய்க்கால்.

அப்பா கையில அம்மைத் தழும்பு நாலு இருக்கு, சித்தப்பாவுக்கு ரெண்டுதான். ஏன்?

குத்திய காலத்தைப் பொறுத்தது. முன்பு நான்கு இடத்தில் குத்தினார்கள், பிறகு இரண்டாகக் குறைத்தார்கள். அடியில் பற்கள் உள்ள சிறு வட்டத்தகடு கொண்ட திருகு ஊசியைத் தோலில் அழுத்தித் திருப்புவார்கள். வட்டத் தழும்பு அதனால் வந்தது. 1960-களின் பிற்பகுதியில் இரட்டை முனை ஊசி வந்தது. மருந்தில் தோய்த்து ஒரே இடத்தில் 15 தடவை குத்த வேண்டும். லேசாக ரத்தம் கசிந்தால் சரியான ஆழம்.

மருந்து கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் கன்றுகளின் தோலிலிருந்து தயாரித்த நிணநீர். பனிக்கட்டியோடு வர வேண்டும். வழியில் சூடேறினால் கிருமி செத்துவிடும், குத்தியும் பயனில்லை. உலர்த்திய மருந்து வந்த பிறகுதான் இந்தத் தலைவலி தீர்ந்தது. அது 37 டிகிரியிலும் ஒரு மாதம் தாங்கியது. இன்னொரு தவறு, ஸ்பிரிட் வைத்துத் துடைத்துவிட்டு அது உலரும் முன் குத்துவது. ஸ்பிரிட் மருந்தையே கொன்றுவிடும். சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்தாலே போதும்.

குத்திவிட்டுப் போவதோடு வேலை முடியாது. ஏழாம் நாள் சுற்றி வந்து, கொப்புளம் எழும்பியிருக்கிறதா என்று ஒவ்வொரு கையாகப் பார்த்து எழுத வேண்டும். எழும்பாதவருக்கு மறுபடி குத்த வேண்டும். பதிவேட்டில் குத்தியவர் எண்ணிக்கையைவிட எழும்பியவர் எண்ணிக்கைதான் மதிப்புள்ளது.

வீட்ல அம்மை போட்டா மாரியாத்தா வந்திருக்கான்னு வெளியே சொல்ல மாட்டாங்களே, எப்படிக் கண்டுபிடிச்சாங்க?

வாசலில் வேப்பிலை செருகியிருக்கும். தாளிக்கும் வாசம் வராது. பிள்ளை பள்ளிக்கூடம் வந்திருக்காது. சலவைத் தொழிலாளிக்கும் நாவிதருக்கும் தெரிந்திருக்கும். பள்ளியிலும் சந்தையிலும் பெரியம்மை கண்ட குழந்தையின் படம் போட்ட அட்டையைக் காட்டி, இப்படி யாரையாவது பார்த்தீர்களா என்று கேட்பார்கள். 1970-களில் தகவல் சொன்னவருக்குப் பரிசும் இருந்தது. 1975-ல் அது 1,000 ரூபாய். அந்த ஆண்டு மே மாதத்தோடு இந்தியாவில் பெரியம்மை நின்றது.

வேப்பிலையைப் பிடுங்கி எறிந்து சண்டைக்கு நின்ற இன்ஸ்பெக்டருக்கு அடுத்த வீடு திறக்காது. செருப்பை வெளியே விட்டுவிட்டு, ஆத்தாளைக் கும்பிட்டுவிட்டு, மற்றப் பிள்ளைகளுக்கு மட்டும் குத்திவிட்டு வருகிறேன் என்றவருக்குத் திறந்தது. கண்டதும் எது என்று பிரிக்கத் தெரிய வேண்டும். பெரியம்மை முகத்திலும் கை கால்களிலும் அதிகம், உள்ளங்கை பாதத்திலும் வரும், எல்லாக் கொப்புளமும் ஒரே பருவத்தில் இருக்கும். சின்னம்மை மார்பிலும் முதுகிலும் அதிகம்; புதிதும் காய்ந்ததும் கலந்திருக்கும்.

எலி செத்து விழுந்தா ஊரையே காலி பண்ணினாங்களாமே, அவ்வளவு பயமா?

பயம் சரியானதுதான். பிளேக் நோயில் எலி செத்ததும், அதன் உடல் குளிர்ந்தவுடன் தெள்ளுப்பூச்சி வேறு சூடான உடம்பைத் தேடும். அது மனிதன். கோவை, சேலம், நீலகிரி, ஓசூர்ப் பக்கம், கம்பம் பள்ளத்தாக்கு எல்லாம் அடி வாங்கிய இடங்கள். கோவையில் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்றும் இருக்கின்றன. வீட்டைவிட்டுத் தோட்டங்களில் குடிசை போட்டுத் தங்கியது, எலியும் தெள்ளும் இருக்கும் இடத்தைவிட்டு மனிதனை விலக்குவதற்காக.

செத்த எலியைக் கையால் தொடக் கூடாது. மண்ணெண்ணெய் ஊற்றி, இடுக்கியால் எடுத்து எரிக்க வேண்டும். எலி வளைக்குள் பம்பு வைத்துச் சயனைடு பொடி ஊதி, வாயை உடனே ஈர மண்ணால் அடைப்பார்கள். ஈரக்காற்றுப் பட்டதும் அது விஷ வாயுவாகும். பம்பு அடிப்பவர் காற்றடிக்கும் பக்கம் முதுகு காட்டி நிற்க வேண்டும். எலிப்பாஷாணத்தையும் பொறியையும் முதலில் வைப்பது பெரிய தவறு. எலி சாகும், தெள்ளு வீடெங்கும் சிதறும். முதலில் எலி ஓடும் தடத்தில் 10 சதவீத டி.டி.டி. தூள் தூவித் தெள்ளைக் கொல்ல வேண்டும், பிறகுதான் எலி.

வீட்டுச் சுவத்துல தேதி எழுதி வச்சிட்டுப் போனாங்களே, அது என்ன கணக்கு?

மலேரியா. 1953-ல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம், 1958-ல் அது ஒழிப்புத் திட்டமானது. மருந்தடித்த தேதியும் எத்தனை அறை அடித்தார்கள் என்பதும் சுவரில் இருக்கும். பின்னால் வரும் மேற்பார்வையாளர் அதைச் சரிபார்ப்பார். 50 சதவீத டி.டி.டி. பொடி 1 கிலோவை 10 லிட்டர் தண்ணீரில் கலக்கி, சதுர மீட்டருக்கு 1 கிராம் படியும்படி, முனையைச் சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளிப் பிடித்து அடிக்க வேண்டும். கொசு சுவரில் உட்கார்ந்து ஓய்வெடுக்கும்போது சாகும். காய்ச்சல்காரரைத் தேடி ஊழியர் 15 நாளுக்கு ஒருமுறை வீடுவீடாக வந்து, விரல் நுனியில் குத்தி ரத்தம் எடுத்து, குளோரோகுவின் கொடுத்துவிட்டுப் போவார்.

கெட்டுப்போனது பெரும்பாலும் இப்படித்தான்: பூஜை அறையையும் சமையலறையையும் திறக்க மாட்டார்கள், மருந்தடித்த வாரமே சாணம் மெழுகிவிடுவார்கள், பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்துவிடுவார்கள். சுண்ணாம்பு மருந்தை மூடுவது மட்டுமல்ல, அதைச் சிதைத்தும்விடும். சில வருடத்தில் மூட்டைப்பூச்சிக்கு டி.டி.டி. பழகிவிட்டது, அடித்ததும் கலைந்து கட்டிலுக்கு வந்தது. கொசு மருந்தை ஜனங்கள் வெறுக்க அதுவே பெரிய காரணம்.

சென்னை நகரத்தில் கதை வேறு. அங்கே மலேரியாக் கொசு வீட்டுக் கிணற்றிலும் மேல்தொட்டியிலும் முட்டையிட்டது. அதனால் வாரம் ஒருமுறை கிணறு பார்ப்பது, மீன் விடுவது, மூடி போடச் சொல்வது. முட்டை கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள் ஆகும். எட்டாம் நாள் வந்தால் தாமதம்.

பால்மானியை முக்கினா தண்ணி கலந்தது தெரிஞ்சிடுமா?

நேர்மையாகத் தண்ணீர் மட்டும் கலந்திருந்தால் தெரியும். நல்ல பாலின் ஒப்படர்த்தி 1.028 முதல் 1.032 வரை, தண்ணீர் கலந்தால் இறங்கும். ஆனால் வெண்ணெய் எடுத்தால் ஏறும். ஆகவே வெண்ணெயை எடுத்துவிட்டுத் தண்ணீரைச் சேர்த்தால் மானி நல்ல பால் என்றே காட்டும். சர்க்கரை, மாவு சேர்த்தும் ஏற்றலாம். பால் சூடாக இருந்தாலும் குறைத்துக் காட்டும். பால்மானி சந்தேகத்துக்கு மட்டும், தீர்ப்புக்கு அல்ல.

அப்புறம் கலப்படக் கேஸ் எல்லாம் கோர்ட்டுல ஏன் தோத்துச்சு?

மாதிரி எடுத்த விதத்தில் குறை. 1954-ன் உணவுக் கலப்படத் தடைச் சட்டம் 1955 ஜூனில் அமலுக்கு வந்தது. அதன்படி, சோதனைக்காக எடுக்கிறேன் என்று எழுத்தில் அறிவித்து, விலை கொடுத்து, சாட்சியை வைத்துக்கொண்டு, மூன்று பங்காகப் பிரித்து ஒவ்வொன்றையும் சீல் வைக்க வேண்டும். ஆரம்பத்தில் ஒரு பங்கு வியாபாரிக்கு, ஒன்று பகுப்பாய்வாளருக்கு, ஒன்று இன்ஸ்பெக்டரிடம். 1976 திருத்தத்துக்குப் பிறகு வியாபாரி பங்கு போய், மற்ற இரண்டும் உள்ளூர்ச் சுகாதார அதிகாரியிடம் போயின.

பாலுக்கு 25 மில்லிக்கு 2 சொட்டு ஃபார்மலின் விட வேண்டும். மறந்தால் பால் கெட்டு, ஆய்வே செல்லாது. கேனைக் கலக்காமல் மேலாக மொண்டால் கொழுப்பு மாறும், வக்கீல் அதைத்தான் பிடிப்பார். பக்கத்துக் கடைக்காரர் சாட்சிக் கையெழுத்துப் போடமாட்டார், போட்டாலும் கோர்ட்டில் மாறிவிடுவார். மஞ்சள்தூளில் மெட்டானில் மஞ்சள் என்ற சாயம், மிளகில் பப்பாளி விதை எல்லாம் கண்ணெதிரே நிரூபிக்கக்கூடியவை. ஆனாலும் சீல் வைத்த முறை தப்பினால் அவையும் நிற்காது.

திருவிழாவுக்கு என்ன ஏற்பாடு? காலரா ஊசி போட்டாத்தான் ரயில் ஏற விட்டாங்களாமே?

கும்பகோணம் மகாமகம் போன்ற கூட்டங்களுக்கு முன்கூட்டியே ஆள், மருந்து, தற்காலிக ஆஸ்பத்திரி எல்லாம் அனுப்பப்படும். பள்ளக் கக்கூஸ் ஒரு அடி அகலம், மூன்றிலிருந்து ஐந்து அடி ஆழம். நூறு பேருக்குப் பத்திலிருந்து பன்னிரண்டு அடி நீளம். ஆண் பெண் தனித்தனி. தோண்டிய மண் பக்கத்திலேயே குவிந்திருக்க வேண்டும், போனவர் மூடாவிட்டால் ஊழியர் மூடுவார். ஈ உட்கார விட்டால் பள்ளம் தோண்டியதில் அர்த்தமில்லை. குடிதண்ணீருக்கு, மேலே கிணற்றுப் பதிலில் சொன்னதே, ஆனால் நாளுக்கு ஒருமுறை போதாது.

ஊசி பல இடங்களில் கட்டாயமாகத்தான் இருந்தது. அதன் பலன் சுமார் பாதிப் பேருக்கு, அதுவும் மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்கு. கிருமி சுமப்பதை அது தடுக்கவில்லை. 1973-ல் சர்வதேசப் பயணத்துக்கும் காலரா ஊசிக் கட்டாயம் நீக்கப்பட்டது. திருவிழாவைக் காப்பாற்றியது பெரும்பாலும் குளோரினும் மண்வெட்டியும்.

எடுப்புக் கக்கூஸ் மலத்தை எல்லாம் எங்கே கொண்டு போனாங்க?

ஊருக்கு வெளியே உரக்கிடங்குக்கு. மூன்றடி ஆழப் பள்ளத்தில் அடியில் 15 செ.மீ. குப்பை, அதன் மேல் 5 செ.மீ. மலம், மறுபடி குப்பை என்று தரைக்கு மேல் ஒரு அடி வரை அடுக்கி, கடைசியாக 25 செ.மீ. குப்பை போட்டு மண்ணால் மூடுவார்கள். பெங்களூர் முறை என்பது இதுதான். ஒரு வாரத்தில் உள்ளே 60 டிகிரிக்கு மேல் சூடேறிக் கிருமியும் புழுவும் சாகும். நான்கிலிருந்து ஆறு மாதத்தில் மணமற்ற உரம். மேல் அடுக்கை மெல்லிசாக விட்டால் ஈ பெருகும், மலத்தை அதிகம் போட்டால் சூடேறாது. விவசாயிகள் வண்டி கட்டி வாங்கிப் போனார்கள்.

அந்த வாளியைத் தலையில் சுமந்தவர்கள் சாதியின் பேரால் அந்த வேலைக்குள் தள்ளப்பட்டவர்கள். தமிழ்நாட்டில் பலர் அருந்ததியர். கையுறையோ காலணியோ கிடையாது. மஸ்டரில் அவர்கள் பெயர் இருக்கும், ஊர் சுத்தமான பெருமையில் இருக்காது. வழிந்த வாளிக்கும் தாமதமான தெருவுக்கும் அபராதம் அவர்கள் கூலியில்தான் பிடிக்கப்பட்டது. 1950-களில் பூந்தமல்லியிலும் நடந்த ஆராய்ச்சித் திட்டத்தில் உருவான, 2 செ.மீ. நீர் அடைப்புள்ள கக்கூஸ் கோப்பை அன்றே கையில் இருந்தும், எடுப்புக் கக்கூஸைத் தடைசெய்யும் சட்டம் 1993-ல்தான் வந்தது. 2013-ல் இன்னொரு சட்டம் தேவைப்பட்டது. இதை நியாயப்படுத்த எதுவும் இல்லை.

தாத்தா பிறந்த பதிவு தேடினோம், பேரே இல்லை. பதியாம விட்டுட்டாங்களா?

பதிந்திருப்பார்கள், பெயரில்லாமல். பிறந்த சில நாளில் தகவல் கொடுப்பார்கள், பெயர் பிறகுதான் வைப்பார்கள். ஆகவே தகப்பன் பெயர், ஊர், தெரு, ஆண் அல்லது பெண், தேதி ஆகியவற்றை வைத்துத் தேடுங்கள். 1899-ன் சென்னைச் சட்டத்தின் கீழ் கிராமத்தில் கிராம முன்சீப் என்ற ஊர் அதிகாரி எழுதினார். நகரத்தில் நகராட்சிச் சுகாதாரப் பிரிவு. 1970 ஏப்ரலுக்குப் பிறகு 1969-ன் மத்தியச் சட்டம். பழைய கிராமப் புத்தகங்களைத் தாலுகா அலுவலகத்திலும் சார்பதிவாளர் அலுவலகத்திலும் கேட்டுப் பார்க்க வேண்டும். பள்ளியில் கொடுத்த பிறந்த தேதியை மட்டும் நம்பித் தேடாதீர்கள். முன்னும் பின்னும் இரண்டு வருடம் புரட்டுங்கள்.

இறப்புப் புத்தகத்தில் காரணம் என்ற இடத்தில் பெரும்பாலும் காய்ச்சல் என்றே இருக்கும். மலேரியாவும் டைபாய்டும் காசமும் அதற்குள்தான் அடக்கம். நல்ல இன்ஸ்பெக்டர் காரணத்தைவிடத் தேதியையும் தெருவையும் பார்த்தார். ஒரே தெருவில் ஒரே வாரத்தில் இரண்டு பேதிச் சாவு என்றால், யாரும் தகவல் கொடுக்கும் முன்பே அவருக்குத் தெரிந்துவிடும்.

அதே முறையில எங்க வீட்டுக் கிணத்துக்கு நாங்களே இப்ப மருந்து போடலாமா?

போடலாம். மேலே கிணற்றுப் பதிலில் சொன்ன அளவும் முறையும் மாறவில்லை. வெள்ளம் வந்து போயிருந்தால் முதலில் தண்ணீரை இறைத்துச் சேறு எடுத்துவிட்டுப் போடுங்கள். கலங்கல் தண்ணீரில் மருந்து வீண். கிணற்றுக்குள் இறங்கும் முன் விளக்கைக் கயிற்றில் இறக்கி அணைகிறதா பார்ப்பது பழைய வழக்கம். அது அணையாவிட்டாலும் கெட்ட காற்று இருக்கலாம்; தனியாக, இடுப்பில் கயிறில்லாமல் இறங்கவே கூடாது.

பவுடரை மூடியுள்ள டின்னில், இருட்டான உலர்ந்த இடத்தில் வையுங்கள். ஆசிட்டுக்கும் பினாயிலுக்கும் பக்கத்தில் வைக்காதீர்கள். ஆசிட்டோடு சேர்ந்தால் விஷ வாயு கிளம்பும். மூக்கில் துணி கட்டி, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வரும்படி நின்று குழையுங்கள். வாங்கிச் சில மாதமான பவுடரானால் ஹாராக்ஸ் பெட்டி வைத்திருக்கும் ஆரம்பச் சுகாதார நிலையத்தில் தண்ணீரோடு அந்தப் பவுடரையும் கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள்.